பொறுப்பைப் பகிர்வது எப்படி: உவர்மலையில் இருந்து ஓர் அஜைல் கையேடு

திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் படித்து முடித்துவிட்டு எங்களிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அஜைல் (மென்பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, காட்டித் திருத்திக்கொண்டு போகிற முறை) பற்றிப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பெரிதாக ஒன்றும் இருப்பதில்லை. ஸ்பிரின்ட் (குறித்த கால வேலைச் சுற்று) என்ன, பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) என்ன, ஸ்க்ரம் மாஸ்டர் யார் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். வேலை தொடங்கி இரண்டாவது கிழமையில்தான் உண்மையான கேள்வி வரும். "அக்கா, இது என்ர வேலையா, அவரின்ர வேலையா?" இந்தக் கையேடு அந்தக் கேள்விக்காக எழுதியது. நாலைந்து பேர் சேர்ந்து ஊரிலேயே மென்பொருள் வேலை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கும் இது உதவும்.

எங்களுடையது சின்ன டீம். உவர்மலையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருக்கிறோம். சேர்வர் பக்கம் எழுத இரண்டு பேர், அதில் ஒருத்தர் கிண்ணியாவில் இருந்து வருகிறவர். திரைப் பக்கம் எழுதுகிறவர் கந்தளாய்க்காரர், சிங்களவர். டெஸ்டிங்குக்குத் திருக்கடலூரில் இருந்து ஒரு தங்கச்சி. டிசைனர் கொழும்பில் இருந்து இணைவார். அப்புறம் நான். டெஸ்டராகத் தொடங்கியவள், இப்போது பாதி நேரம் ஸ்க்ரம் மாஸ்டர், மீதி நேரம் பழைய வேலையேதான். கையில் இருப்பது உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கான ஒரு முற்பதிவு மென்பொருள்: அறை, புறாத்தீவுப் படகு, திமிங்கிலம் பார்க்கப் போகிற படகு. கிழக்குக் கரைக்குச் சீசன் மே தொடங்கிச் செப்டெம்பர் வரைதான். ஏப்ரலுக்குள் கையில் கொடுக்காவிட்டால் விடுதிக்காரருக்கு அது அடுத்த வருடத்துச் சரக்கு. கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் இந்த வேலையில் இருந்துதான்.

யாருக்கு எது

வரலாற்றைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்கிற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி அஜைல் பிரகடனத்தை எழுதினார்கள். 4 விழுமியங்கள், 12 கோட்பாடுகள், அவ்வளவுதான். ஸ்பிரின்ட், ஸ்க்ரம் மாஸ்டர் என்ற பெயர்களை அதில் தேடினால் கிடைக்காது. அவை ஸ்க்ரம் என்கிற முறைக்கு உரியவை. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லண்டும் 1995இலேயே அதை ஒரு மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். அவர்கள் எழுதிய ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மெல்லியது, ஒரு பின்னேரத்தில் வாசித்துவிடலாம். காசு கட்டிச் சான்றிதழ் எடுக்க ஓடுவதற்கு முன்னர் அதை ஒருமுறை வாசியுங்கள்.

அதன்படி ஒரு டீமுக்குள் பொறுப்பு மூன்று வகைதான். எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுப்பவர் புரொடக்ட் ஓனர். முறை ஒழுங்காக நடக்கிறதா, டீமுக்கு எது குறுக்கே நிற்கிறது என்று பார்ப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர். மற்ற எல்லாரும் டெவலப்பர்கள். கோட் எழுதுகிறவர், டெஸ்ட் பண்ணுகிறவர், திரை வரைகிறவர் எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான். மொத்தத்தில் 10 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருப்பது நல்லது என்கிறது வழிகாட்டி. எங்கள் ஊர் டீம்களுக்கு அந்தக் கவலை இல்லை.

புரொடக்ட் ஓனர் ஒரே ஆளாக இருக்க வேண்டும், குழுவாக இருக்கக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் வாடிக்கையாளர் ஒரு குடும்பம். தகப்பனுக்கு அறைக் கணக்கு வேண்டும், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அழகான முகப்புப் பக்கம் வேண்டும், விடுதியை உண்மையில் நடத்துகிற மகளுக்குப் படகு முற்பதிவு வேண்டும். மூன்று பேரும் மூன்று வாட்ஸ்அப் செய்தி அனுப்பினால் டீம் மூன்று திசைக்கு ஓடும். ஆகவே ஒருத்தரைக் காட்டுங்கள் என்று கேட்டோம், மகளைக் காட்டினார்கள். தகப்பன் நேரடியாக எங்கள் பெடியனுக்குத் தொலைபேசி எடுத்து "தம்பி, இதையும் சேர்த்துவிடும்" என்று சொன்னால் அவன் சொல்ல வேண்டிய பதில் தயாராக இருக்கிறது: "சரி ஐயா, உங்கட மகளிட்ட சொல்லிப் பட்டியலில போடச் சொல்லுங்கோ." மரியாதை குறையாது, வேலையும் குழம்பாது.

ஸ்க்ரம் மாஸ்டரை மேலாளர் என்று நினைக்கிறவர்கள் நிறைய. நான் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. யார் எதை எடுப்பது என்பதை டெவலப்பர்களே தங்களுக்குள் பேசி முடிவெடுப்பார்கள். என் வேலை வேறு. முற்பதிவை உறுதிசெய்கிற எஸ்எம்எஸ் அனுப்ப ஒரு நிறுவனத்தின் அனுமதி கிழமைக்கணக்கில் இழுபட்டால், தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் திரிவது நான். கோட் எழுதுகிறவன் அந்தக் காத்திருப்பு இசையைக் கேட்டுக்கொண்டு இருக்கக் கூடாது.

இனித்தான் பிள்ளைகள் தடுமாறுகிற இடம். செய்ய வேண்டிய ஒவ்வொரு சின்ன வேலையையும் ஒரு டிக்கெட்டாக எழுதிவைப்போம். அதில் ஒரு பெயர் இருக்கும். அதை நகர்த்திக்கொண்டு போகிறவர் யார் என்று அந்தப் பெயர் சொல்கிறது, வேறு ஒன்றும் இல்லை. அது முடியாவிட்டால் முடியாமல் போனது டீமுக்கு. ஸ்பிரின்ட் தொடங்கும்போது ஒரு இலக்கை ஒரே வரியில் எழுதுவோம். உதாரணமாக, "விடுதி வரவேற்பில் இருக்கிற பெடியன் கைபேசியாலேயே ஒரு படகை முற்பதிவு செய்து, தேவையென்றால் ரத்தும் செய்ய வேண்டும்." இந்த வரிக்கு எல்லாரும் பொறுப்பு. என் டிக்கெட் முடிந்துவிட்டது, உன்னுடையதுதான் மிச்சம் என்று ஒருத்தர் கதிரையில் சாய்ந்தால் அந்த வரி இன்னும் உண்மையாகவில்லை என்று காட்டுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, வரியைக் காட்டினால் போதும்.

மதிப்பிடும்போது எல்லாரும் இருக்க வேண்டும்

நேரம் குறைவு, சீனியர்கள் மட்டும் இருந்து மதிப்பிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஏன் என்று ஒரு டிக்கெட்டை வைத்தே சொல்கிறேன்.

பட்டியலில் இருந்த வரி இது: "விருந்தினர் படகுப் பயணத்தை ரத்துச் செய்தால் முற்பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்." ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று நாங்கள் மதிப்பிடுவது சீட்டு வைத்து. பிளானிங் போக்கர் என்று பெயர், 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் எழுதிவைத்த முறை. ஆளாளுக்கு 1, 2, 3, 5, 8, 13 என்று எழுதிய சீட்டுகள். டிக்கெட்டை வாசித்து, கேள்வி கேட்டு முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் திருப்ப வேண்டும். ஒருத்தர் பின் ஒருத்தராக வாயால் சொன்னால் முதலில் சொல்கிற அண்ணாவின் எண்ணைத்தான் மற்றவர்களும் சொல்வார்கள். சீட்டைக் கவிழ்த்து வைப்பது அதற்காகத்தான்.

சேர்வர் எழுதுகிற மூத்தவர் 2 வைத்தார். ஒரு நிலையை மாற்ற வேண்டும், பணம் திருப்புகிற ஒரு அழைப்பு விட வேண்டும், என்ன பெரிய வேலை? மற்றவர்கள் 3. டெஸ்டர் தங்கச்சி 8 வைத்திருந்தாள்.

முறைப்படி அதிக எண்ணும் குறைந்த எண்ணும் வைத்தவர்கள் காரணம் சொல்ல வேண்டும். அவள் கேட்டது ஒரே கேள்வி. "விருந்தினர் ரத்துச் செய்தா சரி அண்ணா. கடல் ரத்துச் செய்தா?"

அவளுடைய வீட்டில் படகு இருக்கிறது. காலையில் கரைக்குப் போய்க் காற்றைப் பார்த்துவிட்டு இன்றைக்கு இறக்கமுடியாது என்று படகுக்காரர் சொன்னால் அது விருந்தினரின் குற்றமா? அவருக்கு முழுப் பணமும் திரும்ப வேண்டுமா, நாளைக்கு மாற்றிக் கொடுக்கலாமா? நாளைக்கு அவர் ரயில் ஏறுகிறவராக இருந்தால்? ஒரு படகில் நாலு விடுதிக்காரரின் ஆட்கள் ஏறுவார்கள், அவர்களுக்கெல்லாம் யார் சொல்வது? பாதித் தூரம் போய்க் கடல் சரியில்லை என்று திரும்பிய படகின் எண்ணெய்க் காசு யாருடையது? 2 வைத்த அண்ணா தன் சீட்டை எடுத்து மேசைக்குக் கீழே போட்டார்.

பிறகு அந்த ஒரு டிக்கெட் மூன்றானது. விருந்தினர் ரத்துச் செய்வது ஒன்று. படகுக்காரர் ரத்துச் செய்வது இன்னொன்று. அடுத்த நாளுக்கு மாற்றுவது மூன்றாவது. எது முதலில் என்று டீம் முடிவெடுக்கவில்லை, அது புரொடக்ட் ஓனரின் பொறுப்பு. அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை: "படகுக்காரர் ரத்துச் செய்யிறதுதான் முதல். அதில்தான் ஆக்கள் வந்து சண்டை பிடிக்கிறவை. காசை இந்தச் சீசன் நாங்கள் கையாலேயே திருப்பிக் குடுக்கிறம்." பணம் திருப்புகிற கடினமான பகுதி அப்படியே பட்டியலின் அடிக்குப் போனது. ஒரு கேள்வி, ஒரு முடிவு, கிழமைக்கணக்கான வேலை மிச்சம். அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடியவர் அறையில் இருந்ததால் வந்த மிச்சம் அது.

இந்த எண்களை (புள்ளிகள் என்போம்) மணித்தியாலமாக மாற்றாதீர்கள். ஆளுக்கு ஆள் எத்தனை புள்ளி என்று கணக்குப் பார்க்கவும் வேண்டாம். பார்க்கத் தொடங்கிய அன்றே 2கள் எல்லாம் 5 ஆகிவிடும், டெஸ்டருக்கு உதவப் போகவும் ஆள் இருக்காது. டீம் மொத்தமாக ஒரு ஸ்பிரின்ட்டில் எவ்வளவு முடிக்கிறது என்பது அடுத்த ஸ்பிரின்ட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க உதவும். அதோடு அதன் பயன் முடிந்தது.

காலை 15 நிமிடம்

நின்றபடியே பேசுகிற காலைக் கூட்டமான ஸ்டான்ட்-அப்பை ஒன்பதரைக்கு வைத்திருக்கிறோம். கிண்ணியாப் பஸ்ஸும் கந்தளாய்ப் பஸ்ஸும் வந்து சேர்ந்த பிறகு என்று அர்த்தம். எல்லாரும் வரக்கூடிய நேரத்தை ஒருமுறை தெரிவுசெய்துவிட்டு, பிறகு அதை மாற்றாமல் இருங்கள். வழிகாட்டி சொல்வது 15 நிமிடம், அதற்கு மேல் இல்லை.

நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், தடை என்ன என்கிற மூன்று கேள்விகளைப் பள்ளிக்கூட இடாப்புக் கூப்பிடுவதுபோல ஒவ்வொருவராகச் சொல்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். 2020 பதிப்பில் அந்த மூன்று கேள்விகளையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் ஆட்களைச் சுற்றி வருவதில்லை, பலகையைச் சுற்றி வருகிறோம். பலகையில் ஐந்து நிரல்கள்: எடுக்க வேண்டியது, நடக்கிறது, ரிவியூ (எழுதின கோட்டை இன்னொருத்தர் வாசிப்பது), டெஸ்டிங், முடிந்தது. வலது பக்கத்தில் இருந்து தொடங்குவோம், அதாவது முடிவுக்கு மிகக் கிட்ட இருக்கிற டிக்கெட்டில் இருந்து. இதை முடிக்க என்ன வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஒரு காலை இப்படிப் போனது:

"படகு ரத்து டிக்கெட் ரெண்டு நாளா ரிவியூவில நிக்குது."

"அது நான் பார்க்க வேணும். இண்டைக்குப் புதுசு ஒண்டு எடுக்கலாம் எண்டு இருந்தன்."

"புதுசை விடுங்கோ அண்ணா. இதைப் பார்த்துத் தந்தா நான் பின்னேரத்துக்குள்ள டெஸ்ட் பண்ணிடுவன்."

"சரி, பத்தரைக்கு அவரோட இருந்து பார்த்து முடிக்கிறன்."

இதில் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இளையவள் மூத்தவரிடம் புதியதை விடுங்கள் என்கிறாள், அவர் விடுகிறார். ஸ்டான்ட்-அப் நடக்க வேண்டியது இப்படித்தான். பேசுகிறவர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் உங்கள் முகத்தையே பார்த்தால் நீங்கள் அறிக்கை வாங்குகிறீர்கள் என்று பொருள். அப்போது இரண்டடி பின்னால் போய் நில்லுங்கள், அல்லது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

இது தானாக வராது. பெரியவர் பேசத் தொடங்கினால் சின்னவர்கள் வாயை மூடுகிற பழக்கம் எங்களுக்கு வீட்டில் இருந்தே வருகிறது. அண்ணா, அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள், எல்லாரும் பெயர் சொல்லிப் பேசுங்கள் என்று சில நிறுவனங்களில் சட்டம் போடுகிறார்கள். நான் அப்படிப் போடவில்லை. அண்ணா என்று சொல்லிக்கொண்டே ஒருத்தரை மறுத்துப் பேசலாம். அதற்கு இடம் வைத்தால் போதும். சீட்டைக் கவிழ்த்து வைப்பது அப்படி ஓர் இடம். எந்தப் பேச்சிலும் வயதில் சின்னவர் முதலில், மூத்தவர் கடைசியில் என்பது இன்னொன்று. மூன்றாவது, மாட்டிக்கொண்டால் ஒரு மணித்தியாலத்துக்குள் யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்பது. "கேக்க வெக்கமா இருந்தது" என்று மூன்று நாள் தனியாக மல்லாடுகிற பிள்ளைகளுக்கு விதி ஒன்று இருந்தால் வெட்கம் போய்விடும். விதி கேட்கச் சொல்கிறது, நான் கேட்கிறேன், அவ்வளவுதான்.

"தொண்ணூறு வீதம் முடிஞ்சுது" என்று சொல்வது எங்கள் மாடியில் தடை. மிச்சம் என்ன வேலை என்று பெயரோடு சொல்ல வேண்டும்.

முடிந்தது என்றால் என்ன

எழுதினவருக்கு அவர் கணினியில் ஓடினால் முடிந்தது. ரிவியூ செய்தவருக்கு அதை மொத்தக் கோட்டோடு சேர்த்துவிட்டால் முடிந்தது. விடுதிக்காரருக்கோ தன் கைபேசியில் வந்தால்தான் முடிந்தது. ஆகவே ஸ்பிரின்ட் தொடங்குவதற்கு முன்பே எல்லாரும் இருந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் தாளில் இருப்பவை: எழுதாத ஒருத்தர் கோட்டை வாசித்திருக்க வேண்டும். தானியங்கி டெஸ்டுகள் ஓடியிருக்க வேண்டும். டெஸ்ட் சேர்வரில் எழுதாத இன்னொருத்தர் பாவித்துப் பார்த்திருக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சொற்கள் இருக்க வேண்டும், பொத்தானுக்கு வெளியே வழியக் கூடாது. விலை குறைந்த அன்ட்ரொய்ட் கைபேசியில், சிக்னல் ஒரு கோடு இருக்கும்போதும் திறக்க வேண்டும்.

பொத்தான் விடயம் சின்னதாகத் தெரியும். ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல்லுக்கு அளவெடுத்து வரைந்த பொத்தானில் "முற்பதிவை உறுதிசெய்க" என்று போட்டுப் பாருங்கள். கடைசியில் டெஸ்டர் கண்டுபிடித்தால் டிசைனருக்குக் கோபம், எழுதினவருக்குச் சலிப்பு. தாளில் இருந்தால் டிசைனர் வரைகிறபோதே தமிழ்ச் சொல்லைப் போட்டு வரைவார். தரத்தைக் கடைசி ஆளின் தலையில் கட்டாமல் ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பது இந்தத் தாள்தான்.

ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த கோட்

எங்கள் வெள்ளைப்பலகையின் ஒரு மூலையில் ஒரு கட்டம் வரைந்திருக்கிறோம். மேலே மென்பொருளின் பகுதிகள்: அறை, படகு, கட்டணம், எஸ்எம்எஸ், அறிக்கைகள், வெளியீடு. பக்கத்தில் ஆட்களின் பெயர். யாருக்கு எதில் கை வைக்கத் தெரியுமோ அங்கே ஒரு புள்ளி. ஒரு நிரலில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் அடுத்த ஸ்பிரின்ட்டில் அந்தப் பகுதியில் வருகிற டிக்கெட்டை வேறொருத்தர் எடுக்க வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விசைப்பலகை தெரியாதவரின் கையில். தெரிந்தவர் கையை நீட்டிப் பறிக்கக் கூடாது. இருவரும் ஒரே கணினியில் இருந்து எழுதுகிற இந்தப் பழக்கம் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்கிற முறையோடு பரவியது. நாள் முழுக்கச் செய்தால் களைத்துப்போவீர்கள். நாளுக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

கிண்ணியாத் தம்பியின் வீட்டில் கல்யாணம் வந்தபோது அவர் கட்டணப் பகுதியைப் பற்றி ஒரு தொலைபேசி அழைப்பும் எடுக்காமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார். கட்டத்தின் பலன் எனக்கு அதைவிட வடிவாகத் தெரிய வேண்டியதில்லை.

ரிவியூவுக்கு அனுப்புகிற மாற்றத்தைச் சின்னதாக வைத்திருங்கள். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசிக்க முடியாவிட்டால் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடலாம். குறிப்பு எழுதும்போது கோட்டைப் பற்றி எழுதுங்கள், எழுதின ஆளைப் பற்றி எழுதாதீர்கள். பாவனைக்குப் போன பிறகு ஒரு பிழை தெரியவந்தால் யார் எழுதியது என்று தேடிப் பார்க்கலாம், கேட்டு விளங்கிக்கொள்வதற்காக. எழுதினவர், ரிவியூ செய்தவர், டெஸ்ட் செய்தவர் என்று குறைந்தது மூன்று பேரின் கண்ணைத் தாண்டித்தான் அது போயிருக்கும். அந்த நேரத்தில் கை ஓய்வாக இருக்கிறவர் திருத்த எடுப்பார்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கெட்டில் எழுதுவது ஆங்கிலத்தில். கதைப்பது மூன்றிலும் கலந்து. கந்தளாய்க்காரருக்குத் தமிழ் பாதி விளங்கும், எங்களில் இரண்டு பேருக்குச் சிங்களம் சரளம். முடிவு எடுத்துவிட்டால் அந்த முடிவை மட்டும் எழுத்தில் டிக்கெட்டுக்குள் போட்டுவிட வேண்டும். கொழும்பில் இருக்கிற டிசைனருக்கும் அதுதான் ஒரே வழி. மாடியில் தேத்தண்ணியோடு எடுத்த முடிவு அவருக்கு எப்படித் தெரியும்?

காட்டுவது

ஸ்பிரின்ட் முடிவில் செய்தவற்றைக் காட்டுகிற ரிவியூவை எங்கள் மாடியில் வைப்பதில்லை. நிலாவெளிக்குப் போகிறோம். விடுதி வரவேற்பு மேசையில், அங்கே வேலை செய்கிற பெடியனின் கைபேசியில், அவன் கையாலேயே. எங்களில் யாரும் "அங்க அமத்துங்கோ" என்று சொல்லக் கூடாது. ஒவ்வொரு முறையும் வேறொருத்தர் போய்க் காட்டுவார். கோட் எழுதுகிறவர் பாவிக்கிறவரின் விரல் எங்கே தடுமாறுகிறது என்று தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒருமுறை அவன் எல்லாவற்றையும் வடிவாக அமத்தி முற்பதிவை முடித்துவிட்டு, மேசைக்குக் கீழே இருந்து சி.ஆர். கொப்பியை எடுத்து அதையே திரும்பப் பேனையால் எழுதினான். கேட்டால், கரண்ட் போனால் என்ன செய்வது என்கிறான். நியாயம்தானே? அன்றைய நாளின் படகுப் பட்டியலை ஒரே தாளில் அச்சிட்டு எடுக்கிற வசதி அடுத்த ஸ்பிரின்ட்டின் முதல் டிக்கெட்டானது. அவன் கொப்பியில் கோடு போட்டு வைத்திருந்த அதே ஒழுங்கில்.

ரெட்ரோ

முன்பு நான் கொழும்பில் வேலை செய்த ஓர் இடத்தில் ரெட்ரோவில் (எப்படி வேலை செய்தோம் என்று ஸ்பிரின்ட் முடிவில் டீம் திரும்பிப் பார்க்கிற கூட்டம்) சொன்னவை வருட முடிவில் சம்பள மதிப்பீட்டுத் தாளில் வந்து நின்றன. அதற்குப் பிறகு அந்த டீமில் எல்லா ரெட்ரோவும் "எல்லாம் நல்லாப் போச்சு" என்று பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆகவே முதல் விதி: அறையில் பேசுவது அறையோடு. முதலாளி வர வேண்டாம். ஒரு மாத ஸ்பிரின்ட்டுக்கு ரெட்ரோ அதிகபட்சம் 3 மணித்தியாலம் என்கிறது வழிகாட்டி. நாங்கள் இரண்டு கிழமை ஸ்பிரின்ட் என்பதால் ஒரு மணித்தியாலத்தில் எழும்பிவிடுவோம்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, எழுத மட்டும். எழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று ஒருத்தர் பயப்பட்டதால் இப்போது தட்டச்சில். பிறகு ஒரே ஒரு விடயத்தைத் தெரிவுசெய்து, அதை அடுத்த ஸ்பிரின்ட்டின் பலகையில் மற்ற டிக்கெட்டுகளோடு டிக்கெட்டாகப் போடுவோம். பத்து விடயம் எழுதி ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது நல்லது. நடத்துகிறவர் ஒவ்வொரு தடவையும் மாற வேண்டும். ஸ்க்ரம் மாஸ்டரைப் பற்றிய குறையை ஸ்க்ரம் மாஸ்டர் நடத்துகிற கூட்டத்தில் யார் சொல்வார்கள்? கொழும்பு டிசைனரைக் காலைக் கூட்டத்தில் நாங்கள் மறந்துவிடுகிறோம் என்பது திரைக்காரர் நடத்திய ரெட்ரோவில்தான் வெளியே வந்தது. இப்போது மடிக்கணினியைப் பலகைக்குப் பக்கத்தில் முகம் தெரிகிற மாதிரி வைத்து, முதல் வார்த்தையை அவரிடம் கேட்கிறோம்.

நாட்காட்டி

திட்டமிடும்போது முதலில் திறக்க வேண்டியது நாட்காட்டி. மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை நிச்சயம். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்மாவுக்குப் போகிறவர்கள் இருந்தால் அந்த நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் கனமான பேச்சுகளைக் காலையில் வையுங்கள். தைப்பொங்கல், தமிழ் சிங்களப் புத்தாண்டு, தீபாவளி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்தியாவில் இருக்கிற டீமின் ஸ்பிரின்ட் அட்டவணையை அப்படியே எடுத்துப் போட முடியாது என்று விளங்கும். ஆள் குறைந்த ஸ்பிரின்ட்டில் குறைவாக எடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சீசன் வந்தால்

மே மாதம் விடுதிகள் நிரம்பத் தொடங்கியதும் நாங்கள் ஸ்பிரின்ட்டை நிறுத்திவிடுகிறோம். காலையில் வரும் பிழைக்கு இரண்டு கிழமை கழித்துத் திட்டமிடுவோம் என்று பதில் சொல்ல முடியாது. அந்த மாதங்களுக்குக் கன்பான் பொருத்தம். டொயோட்டாத் தொழிற்சாலைகளில் பிறந்து மென்பொருளுக்கு வந்த முறை. பலகை அதேதான், ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் மேலே ஒரு எண் எழுதுவோம். "நடக்கிறது" நிரலில் 3 என்றால் மூன்று டிக்கெட்டுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. நாலாவதை எடுக்க விரும்புகிறவர் முதலில் மூன்றில் ஒன்றை முடிக்க உதவ வேண்டும். கூட்டாக வேலை செய்யச் சொல்லி யாரும் புத்திமதி சொல்லத் தேவையில்லை, அந்த எண் சொல்லிவிடும்.

தொலைபேசி எடுப்பதற்கும் முறை வைத்திருக்கிறோம். கிழமைக்கு ஒருத்தர். விடுதிகளுக்கு ஒரே ஒரு இலக்கம்தான் கொடுத்திருக்கிறோம், அந்த சிம் கைக்குக் கை மாறும். கையில் வைத்திருப்பவர் அந்தக் கிழமை வேறு டிக்கெட் எடுக்க மாட்டார். தனக்குத் திருத்தத் தெரியாத பிழையாக இருந்தால், தெரிந்தவரை எழுப்பிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, ஆனால் பக்கத்தில் இருந்து தானே திருத்த வேண்டும். நானும் அந்த முறையில் இருக்கிறேன், புரொடக்ட் ஓனர் மட்டும்தான் அதில் இல்லை.

ஒக்டோபரில் படகுகள் கரையேறிய பிறகு திரும்பவும் ஸ்பிரின்ட். அந்த முதல் திட்டமிடலுக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சீசனில் சேர்ந்த சின்னச் சின்ன முறைப்பாடுகளைப் புரொடக்ட் ஓனரோடு இருந்து ஒவ்வொன்றாக வாசித்து, பாதியை அழிக்கவே மத்தியானம் ஆகிவிடும்.